எனக்குக் கிடைத்த மீன் பாடம்

ஒரு மாதப் பாடத்துக்கு நடுவில் ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று டிரெயினிங் ஸ்கூலில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பொருளிலிருந்துதான் கணக்கு வர வேண்டும், வாசிப்பு வர வேண்டும், படம், பாட்டு, பூகோளம் எல்லாம் வர வேண்டும். எனக்குக் கிடைத்த பொருள் மீன். தெருவில் மீன்காரி கூடையோடு போனாலே கதவைச் சாத்துகிற சைவக் குடும்பத்துப் பெண் நான். நல்ல கூத்துதான், போங்கள்.

அப்போது எங்கள் பக்கமெல்லாம் திருவிதாங்கூர் ராஜ்யம். முப்பதுகளின் தொடக்கம். டிரெயினிங் முடித்தவர்களுக்குத்தான் இனி வாத்தியார் வேலை என்ற பேச்சு பலமாக அடிபட்ட காலம். நான் நாஞ்சில் நாட்டு வயலூர் ஒன்றில் பிறந்தவள். ஏழாம் கிளாஸ் முடித்த கையோடு கல்யாணம் பண்ணிக் கொடுத்தார்கள். மூன்று வருஷத்தில் அவரைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. தாலியறுத்து, வெள்ளைப் புடவையோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தேன். நெல் பத்தாயத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் அறை ஒதுக்கினார்கள். விடிந்தால் சாணி தெளிப்பது, பொழுது அடைந்தால் விளக்குக்குத் திரி திரிப்பது. இருபது வயதில் அந்த அறையைப் பார்க்கும்போதெல்லாம், செத்தால்தான் இதிலிருந்து வெளியே போவேன் என்று தோன்றும்.

என்னை அந்த அறையிலிருந்து வெளியே அனுப்பியவள் அம்மை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நான் சொல்லப்போவதைக் கேட்டு அவளைத் தப்பாக நினைப்பீர்கள். நாகர்கோவிலில் பெண்களுக்கான டிரெயினிங் ஸ்கூலில் இடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அவள்தான் அண்ணனிடம் பேச்செடுத்தாள்.

அண்ணன் துள்ளினார். "தாலியறுத்தவ டவுண்ல போயி தங்கிப் படிக்கதா? நான் ஊருல தலை நிமுந்து நடக்கண்டாமா?"

"நீ நல்லா நட," என்றாள் அம்மை. "எனக்குப் பொறவு இவ ஒம் பொண்டாட்டி கையப் பாத்துக் கஞ்சி குடிக்கணுமாக்கும்? போட்டும்லே. அவ சோத்த அவ சம்பாதிச்சுத் தின்னட்டும்."

புறப்படுகிற அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "மக்களே, நல்லா படி. ஆனா நம்ம ஆசாரத்த மட்டும் விட்டுராத, கேட்டியா? உன்ன அனுப்புனதுக்கு எவளும் என்னை ஒரு சொல்லு சொல்லப்பிடாது." சரி என்றேன். அதில் என்ன பெரிய கஷ்டம்? வேலையையும் சம்பாதிக்கலாம், அம்மையையும் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் முழுசாக நம்பினேன். எனக்கு இந்த இரண்டைத் தவிர வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பெண் வாத்தியாரையும் 'சார்' என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் டிரெயினிங் சார் கோட்டயம் பக்கத்து அம்மாள். மதராஸில் போய்ப் புது முறையெல்லாம் படித்துவிட்டு வந்தவர். பாடப் புத்தகத்தைத் திறக்க வைத்து ஒப்பிக்கச் சொல்வது அவருக்கு அறவே ஆகாது. பெரிய காகிதத்தில் நடுவே ஒரு வட்டம் போட்டு, அதிலிருந்து கோடுகளை இழுத்து, ஒவ்வொரு கோட்டின் முனையிலும் ஒரு பாடத்தை எழுதச் சொல்வார். பிள்ளை தினமும் கண்ணால் காண்கிற ஒரு பொருள்தான் வட்டத்துக்குள் இருக்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் பல வருஷம் பள்ளிக்கூடம் நடத்திவிட்டு, வேலை போய்விடும் என்று பயந்து படிக்க வந்த அம்மாள்களும் இருந்தார்கள். "ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுன்னு சொல்லதுக்கு எதுக்குட்டி வட்டமும் சதுரமும்," என்று அவர்கள் ராத்திரிச் சோற்றின்போது புலம்புவார்கள். எனக்கோ அந்த வட்டம் பிடித்திருந்தது. பத்தாயத்துக்குப் பக்கத்தில் கிடந்தவளுக்கு எந்தக் கோடு எந்தப் பக்கம் போனாலும் சந்தோஷம்தான்.

படிப்பின் கடைசியில் ஆளுக்கு ஒரு மாதம் உண்மையான பள்ளிக்கூடத்தில் போய்ப் பாடம் நடத்த வேண்டும். மாத முடிவில் இன்ஸ்பெக்ட்ரஸ் முன்னால் ஒரு பாடம். அதில் தேறினால் வேலை, தவறினால் வீடு. நான் நெல் என்று எழுதி, வட்டம் கூடப் போட்டு வைத்திருந்தேன். சார் வந்து நின்று, சிரிக்காமல் சொன்னார்: "வயல்காரக் குட்டிகளுக்கு மீனு. கடப்புறத்துக் குட்டிகளுக்கு நெல்லு. அறிஞ்ச காரியத்தை ஆரும் நோக்கமாட்டார்கள். அறியாத காரியம்னா கண்ணு திறந்து நோக்கணும்."

எழுந்து நின்றுவிட்டேன். "சார், நாங்க மீனு தொடமாட்டோம்."

"தின்னணும்னு சொல்லியில்லல்லோ குட்டி. படிப்பிக்கத்தானே சொல்லியது?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் பக்கத்துக் கட்டில்காரி முட்டத்துக்காரி. கத்தோலிக்கக் குடும்பம், அப்பா கட்டுமரம் தள்ளிக் கடலுக்குப் போகிறவர். அவளுக்கு நெல் விழுந்திருந்தது. "அளாதட்டி. நீ என் ஊருக்கு வா, நான் உன் ஊருக்கு வாறேன். என்னத்த பெரிய காரியம்?" என்று என் முதுகில் ஓர் அடி வைத்தாள்.

முதலில் அவள் மாதம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் நடத்தினாள். ஒரு நாள் நடவு பார்க்க வந்தவள், நாற்றைப் பிடுங்கிக் கட்டுகிற பெண்களிடம் போய், "நல்லா வளந்து நிக்கத எதுக்குப் பிடுங்குதிய? பொறவு ஏன் நடுதிய?" என்று கேட்டுவிட்டாள். வயலே சிரித்தது. அந்தக் கதையைக் கேட்டு அம்மை கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அம்மைக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருவாள் என்று எரிசேரி வைத்துக் காத்திருப்பாள். முற்றத்தில் முருங்கை நிழலில் இலை போட்டு, போதும் போதும் என்றாலும் விடாமல் அள்ளி வைப்பாள். தண்ணீரை மட்டும் உயரத்திலிருந்து ஊற்றுவாள். சாப்பிட்டு முடித்ததும் சிநேகிதியே தன் இலையை எடுத்து எறிந்துவிட்டு, உட்கார்ந்த இடத்தில் சாணி தெளிப்பாள். அவளும் அதை வித்தியாசமாக நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. எங்கள் ஊரில் விருந்தென்றால் அவளைப் போன்றவர்களுக்கு அப்படித்தான். அவள் நல்லபடியாகத் தேறினாள்.

பிறகு என் மாதம். முட்டத்தில் பள்ளிக்கூடத்தை ஒட்டி ஓர் அறை கொடுத்தார்கள். என் அடுப்பு, என் பானை, என் தண்ணீர் என்று ஏற்பாடு. அண்ணன் வில்வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டே திரும்பிப் போனார். முதல் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கருவாடு காய்கிற வாடை புடவையில், தலைமுடியில், ஏன், குடிக்கிற தண்ணீரில்கூட ஏறிவிட்டது போலிருந்தது. சிநேகிதியின் அம்மா நல்ல மனுஷி. எனக்கு எதையாவது கொடுக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் தேங்காயைத் தவிர எதுவும் கொண்டு வரமாட்டாள். அதையும் வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று, "எடுத்துக்கிடுங்க மக்கா, கை நல்லா களுவிட்டுத்தான் எடுத்தேன்," என்பாள். அப்போது எனக்கு ஏனோ வெட்கமாக இருக்கும்.

பாடம் படுதோல்வி. மீன் நீரில் வாழும் பிராணி என்று முதல் நாள் தொடங்கினேன். கடப்புறத்துப் பிள்ளைகளிடம்! ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நிஜமான பொருளைக் காட்டாமல் பாடம் நடத்தக் கூடாது என்பது எங்கள் சாரின் சட்டம். நான் தந்திரமாகக் களிமண்ணில் ஒரு மீன் செய்து, சாயம் பூசிக் கொண்டுபோனேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் குழந்தை உற்றுப் பார்த்துவிட்டு, "சார், இது கொழுக்கட்டையா?" என்றாள். பள்ளிக்கூடமே உருண்டது.

அன்றைக்கு அறையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு கோபம் வந்தது. எழுதி வைத்திருந்த வட்டத்தைக் கிழித்துப் போட்டேன். மறுநாள் ஒன்றும் சொல்லிக் கொடுக்காமல், நேற்றுச் சாயங்காலம் என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். அவ்வளவுதான், மடை உடைந்தது. அப்பாவின் மரம் வருகிறதா என்று பாறை மேல் ஏறி நின்றது, வந்த மீனை ஆட்களுக்குப் பங்கு வைத்தது, வலை இழுக்கிறவர்களோடு சேர்ந்து ஏலேலோ பாடியது, எல்லாம் வந்தது. பங்கு வைப்பதிலிருந்து வகுத்தல் கணக்கு வந்தது. மணலில் கலங்கரை விளக்கமும் பாறைகளும் வரைந்து, எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் போவார்கள் என்று கேட்டதில் பூகோளம் வந்தது. சாளை, அயிலை, நெத்தோலி என்று அவர்கள் வாயால் சொன்ன பேர்களையே பலகையில் எழுதி வாசிக்க வைத்தேன். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகூடத் தன் அப்பா பிடித்த மீனின் பேரை எழுதிவிட்டுப் போயிற்று. எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி சந்தோஷம். காலையில் எப்போது மணி அடிக்கும் என்று காத்திருந்தேன். அந்த வாடை எப்போது மறந்துபோயிற்று என்றே தெரியவில்லை.

நடுவில் எங்கள் சார் பார்க்க வந்தார். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு, போகும்போது ஒன்றே ஒன்று கேட்டார்: "எல்லாம் உண்டு குட்டி. மீனு எவிடே?"

இன்ஸ்பெக்ட்ரஸ் வருகிற நாளுக்கு நானும் சிநேகிதியும் ஒரு வழி செய்து வைத்தோம். பாடத்துக்கு முன்னாலேயே அவள் ஒரு மீனை இலையில் வைத்து மேசையில் வைத்துவிடுவாள். நான் பிரம்பால் சுட்டிக்காட்டி நடத்துவேன். மீனும் இருக்கும், என் ஆசாரமும் இருக்கும். அன்று இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவும் எங்கள் சாரும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். குறை கண்டுபிடித்துச் சொல்வதற்காகக் கூடப் படித்தவர்கள் எல்லாம் பின்னால் பெஞ்சில் வரிசையாக இருந்தார்கள். அப்படி ஒரு வழக்கம் எங்கள் டிரெயினிங்கில். பாடம் நன்றாகத்தான் போயிற்று. செவுள் எங்கே இருக்கிறது என்று பிரம்பை நீட்டினேன்.

கொழுக்கட்டை என்று சொன்ன அதே குழந்தை எழுந்தாள். "சார், அது நேத்தைய மீனு. சீஞ்சு போச்சு. செவுளு கறுத்திருக்கும். எங்கப்பா இன்னைக்குக் கொண்டாந்தது இருக்கு," என்று பெஞ்சுக்கு அடியிலிருந்து ஓர் அயிலையை எடுத்தாள். இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மேசையில வை மக்கா."

வைக்கவில்லை. நீட்டிக்கொண்டே நின்றாள். என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "பயப்படாதீங்க சார். கடிக்காது. நான் தலையைப் பிடிச்சுக்கிடுதேன், நீங்க பைய வாலைத் தொடுங்க."

பயம் என்று நினைத்துவிட்டது அந்தக் குழந்தை. இத்தனை நாளும் நான் பிரம்பும் களிமண்ணுமாக அலைந்ததற்கு அது கண்டுபிடித்திருந்த காரணம் அதுதான். அவள் கையில் இருப்பதை நாங்கள் அசிங்கம் என்று நினைக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாது. நான் வாங்காவிட்டால் தெரிந்துவிடும். அன்றைக்கே இல்லாவிட்டாலும், கொஞ்சம் வளர்ந்ததும் இந்த நிமிஷத்தை நினைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். அம்மை முகம் எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. நன்றாக வந்தது. கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். குளிர்ந்து, வழுவழுவென்று இருந்தது. செவுளை விரலால் திறந்து, உள்ளே இருந்த சிவப்பைக் காட்டினேன். பிள்ளைகள் எல்லாம் எழுந்து வந்து என்னைச் சுற்றி நின்றார்கள். அதற்குப் பிறகு நடந்ததைப் பாடம் என்றே சொல்ல முடியாது, அத்தனை பேச்சு, அத்தனை சிரிப்பு. இன்ஸ்பெக்ட்ரஸ் எழுந்து வந்து, அதே கையைப் பிடித்துக் குலுக்கினார். குறை சொல்ல வந்தவர்கள் எழுதி வைத்திருந்த காகிதத்தை மடித்து வைத்துவிட்டார்கள்.

அந்த வரிசையில் பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி இருந்தாள். சூதுவாது தெரியாதவள். எனக்கு முன்னால் ஊருக்குப் போனவள், நேராக எங்கள் வீட்டுக்குப் போய், "பெரியம்ம, உங்க மக மீனைக் கையில பிடிச்சுப் பாடம் எடுத்தா பாருங்க, இன்ஸ்பெக்ட்ரஸ் தொரசாணியே அசந்து போயிட்டா," என்று வாயாரப் புகழ்ந்துவிட்டு வந்திருக்கிறாள். நான் தேறிய சேதியும் அவள் வாய்வழியாகத்தான் அம்மைக்குப் போயிற்று. இரண்டும் ஒன்றாக.

நான் போய் இறங்கியபோது அம்மை முற்றத்தில் நின்றிருந்தாள்.

"தொட்டியாட்டி?"

இல்லை என்று சொல்லிவிடு என்று சிநேகிதி படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். சொல்லியிருக்கலாம். அம்மை நம்பியிருப்பாள், நம்பத்தான் ஆசைப்பட்டாள். எனக்கு வாய் வரவில்லை. "தொட்டேன் அம்ம."

"கையாலயா?"

"கையாலதான். தலை முழுகிட்டா தீந்து போவாதா?"

"ஒருநா தொட்டது முழுகுனா தீரும்," என்றாள் அம்மை. குரல் உயரவே இல்லை. "வேலை எங்க போட்டுருக்கு?"

முட்டத்திலேயே போட்டிருந்தார்கள். பாடம் பிடித்துப்போய் இன்ஸ்பெக்ட்ரஸே கேட்டு வாங்கிய இடம்.

"அப்போ நீ இனி தெனமும் தொடுவ."

"வேற என்ன செய்ய அம்ம? இத விட்டா வேற வேலை தருவாங்களா?"

"வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு இங்க இரி. நான் இருக்கது வர ஒனக்குக் கஞ்சி உண்டு."

பத்தாயத்துக்குப் பக்கத்து அறையின் கதவு திறந்துதான் கிடந்தது. பார்த்தேன். முடியாது அம்ம என்றேன். அப்படியானால் சரி என்று உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, முருங்கை நிழலில் இலையைப் போட்டாள்.

உட்கார்ந்தேன். புளிக்கறி, எரிசேரி, அவியல், எனக்குப் பிடித்தது அத்தனையும் வைத்திருந்தாள். போதும் போதும் என்றாலும் விடவில்லை. தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றினாள். இலையை நானே எடுத்து எறிந்துவிட்டு, சாணி தெளித்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் தெளித்து முடிகிறவரை நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அதற்கப்புறம் மாதம் தவறாமல் போவேன். எப்போதும் அந்த முருங்கை மூட்டு நிழலில்தான் இலை. நான் சாப்பிடும்போது அம்மை எதிரே தள்ளி உட்கார்ந்துகொண்டு பள்ளிக்கூடக் கதையைக் கேட்பாள். கேட்பதில் அவளுக்கு அப்படி ஓர் ஆசை. "அந்தக் கொழுக்கட்டைக்காரி எத்தனாங் கிளாஸுக்கு வந்துட்டா?" என்று ஒவ்வொரு தடவையும் விசாரிப்பாள். அவள் ஏழாம் கிளாஸ் தேறிவிட்டாள், நாகர்கோவிலுக்குப் படிக்கப் போகிறாள் என்று சொன்ன அன்று, "நீ நல்ல வாத்திச்சிதான்," என்று மனசாரச் சொன்னாள். அப்படிச் சொல்லிக்கொண்டே, நான் உட்கார்ந்த இடத்திலிருந்து தன் புடவை முனையை ஒதுக்கிக்கொண்டாள். எனக்குச் சில நாள் வெறி பிடித்த மாதிரி வரும். இலையை அப்படியே தூக்கி எறிந்துவிட்டு எழுந்து போய்விடலாமா என்று இருக்கும். நான் செய்தது தப்பு என்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. அதனால் என்ன பிரயோஜனம்? எனக்கு என் அம்மை கையால் அடுப்படியில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும். அது கிடைக்கவில்லை.

முப்பதுகளின் கடைசியில் அம்மை படுத்தாள். விட்டு விட்டு வந்த காய்ச்சல், ஒரேயடியாகத் தங்கிவிட்டது. அண்ணன் ஆள் அனுப்பினார். நான் போனபோது நடுப்பகல். அம்மையை நடு வீட்டில் கிடத்தியிருந்தார்கள். அண்ணன் விலகி வழிவிட்டார். அந்த வீட்டுக்குள் நான் கால் வைத்து எத்தனையோ வருஷமாகியிருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்தேன். நெற்றி தீயாகக் கொதித்தது. அண்ணன் மனைவி, எங்கள் மைனி, அடுப்படியில் இருந்தாள். அம்மை உதடு அசைந்தது. "தண்ணி," என்றாள். மூக்கு வைத்த கிண்டியில் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. எடுத்து, தலையைக் கொஞ்சம் தூக்கி, வாயருகே கொண்டுபோனேன். கண்ணைத் திறந்தாள். என்னைத் தெரிந்தது. சந்தோஷம்தான் முகத்தில், அதில் சந்தேகமே இல்லை. என் இடது கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். ஆனால் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். நான் ஊற்றிய தண்ணீர் கன்னத்தில் வழிந்து தலையணைக்குப் போயிற்று.

"அம்ம, தண்ணிதான் அம்ம. குடி அம்ம," என்றேன். தலையை அசைத்தாள்.

சத்தம் கேட்டு மைனி வந்தாள். பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்க்காமல் என் கையிலிருந்து கிண்டியை வாங்கிக்கொண்டு போய், அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீர் கொண்டு வந்தாள். அவள் ஊற்ற, அம்மை மடக்கு மடக்காகக் குடித்தாள். குடித்து முடிகிறவரை என் கையை விடவில்லை. நான் எழுந்து போய்விடப் பார்த்தேன். அழுகையை அடக்க முடியவில்லை. அம்மை என் கையை இழுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"ஒங் கை குளுந்திருக்கு மக்களே," என்றாள். "எடுக்காத."

சாயங்காலம் அவள் போகிறவரை நான் எடுக்கவில்லை.